நோட்டில் விடுபட்ட கட்டங்கள்: குமரி மாவட்டச் சிறுநீரகப் பதிவுகளை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிஸ்டரின் நோட்டில் அந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. இரண்டு பேரும் ஆண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளவர்கள். இருவருக்கும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இருவருடைய வரியும் 2017ஆம் ஆண்டின் கடைசியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி.

கணினியில் ஏற்றியபோது இருவருக்கும் நான் ஒரே குறிப்பைத்தான் போட்டேன்: ‘தொடர்பு விட்டுப்போனது’. ஒருநாள் பேச்சுவாக்கில் சிஸ்டர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவர் ஓக்கிப் புயலில் போனவர், தம்பி. படகே திரும்பவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.”

முதலாமவரின் சாவுக்கும் சிறுநீரகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாமவருக்கு நடந்ததோ, நாங்கள் எதை முன்கூட்டிச் சொல்ல ஆசைப்பட்டோமோ அதுவேதான். என் அட்டவணையில் இருவரும் ஒன்று.

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் கையெழுத்துப் பதிவுகளைக் கொண்டு, சர்க்கரை நோயாளிகளில் யாருடைய சிறுநீரகம் வேகமாகக் கெடும் என்று இயந்திரக் கற்றல் (பழைய தரவிலிருந்து கணினியே கணிப்பு விதிகளைக் கற்றுக்கொள்வது) வழியாகக் கணிக்க முயன்ற கதை இது. எங்கே சறுக்கினோம், எதைத் திருத்தினோம், எது இன்னும் கைக்கு வரவில்லை என்பதை வரிசையாக எழுதுகிறேன். சறுக்கியதில் பெரும்பங்கு என்னுடையது. நோயாளிகளை யாரும் இனம் காண முடியாதபடி வயது, ஊர் போன்றவற்றை மாற்றியிருக்கிறேன். இத்தனை சதவீதத் துல்லியம் என்ற எண் எதையும் தரப்போவதில்லை. தொகுப்பு மிகச் சிறியது. சிறிய தொகுப்பிலிருந்து வரும் சதவீதம் கேட்பவரை மயக்குமே தவிர வேறெதற்கும் உதவாது.

எதைக் கணிக்க நினைத்தோம்

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு சமன்பாட்டில் போட்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். இதைத்தான் இ-ஜி.எஃப்.ஆர். என்கிறோம். இனத்துக்கு ஒரு பெருக்கல் எண் வைத்திருந்த பழைய சமன்பாட்டைத் திருத்தி 2021இல் வெளியிட்ட சி.கே.டி.-எபி சமன்பாட்டை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இந்த எண் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். 15க்குக் கீழே போனால் சிறுநீரகம் கைவிட்டதாகப் பொருள். ஆண்டுக்கு 5க்கு மேல் தொடர்ந்து இறங்கினால் ‘வேகமான சரிவு’.

இன்னொரு அளவும் வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்பது. நம் ஊரில் இதை ‘யூரினில் உப்பு’ என்பார்கள். உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் சொல் ஊறிவிட்டது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் கவனிக்க வேண்டும், 300ஐத் தாண்டினால் நிலைமை மோசம்.

உலகில் இதற்கென்று கணிப்புக் கருவியே இல்லையா என்றால், இருக்கிறது. கனடாவில் நவ்தீப் தங்ரி குழுவினர் 2011இல் வெளியிட்ட சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. வயது, பால், இ-ஜி.எஃப்.ஆர்., சிறுநீர் ஆல்புமின் விகிதம் என்ற நான்கை மட்டும் வைத்து, அடுத்த இரண்டு ஆண்டிலும் ஐந்து ஆண்டிலும் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பைச் சொல்லும். அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் சிஸ்டரின் நோட்டைப் பார்க்க வேண்டும். மூன்று இருக்கிறது, நான்காவது இல்லை. ஆல்புமின் விகிதம் எழுதியிருந்த வரிகள் அரிது. அதற்குப் பதிலாக, சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் பட்டைச் சோதனையின் முடிவுதான் இருந்தது: ‘டிரேஸ்’, ஒரு கூட்டல் குறி, இரண்டு கூட்டல் குறி. கூட்டல் குறியை மில்லிகிராமாக மாற்றும் சூத்திரங்கள் உண்டு. ஆனால் கசிவு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அவை அதிகம் தடுமாறும். நமக்கு முக்கியமான கட்டமும் அதுதான்.

நோட்டும் அதன் பருவங்களும்

நீளமான கணக்கு நோட்டுகள், சிவப்பு மையில் கோடு போட்டவை. ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம். தேதி, எடை, பிரஷர், சுகர், கிரி., உப்பு, மாத்திரை. சிஸ்டரின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவர் விடுப்பில் இருந்த மாதங்களை மட்டும் படிக்க முடியாது. ஒரு கட்டத்தில் 1.3 என்பது 13 என்றும், இன்னொன்றில் சுகர் 110 இருந்த இடத்தில் 11.0 என்றும் இருந்ததைத் திருத்தவே சில வாரம் போயிற்று. இந்தச் சலிப்பான வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்தவர்களுக்குத் தெரியும்.

சொல்ல வேண்டியது வேறு. தேதிகளை மட்டும் தனியே எடுத்து மாதவாரியாக வரைந்து பார்த்தபோது வந்த படம்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியை மையமாக வைத்து, லட்சத்தீவுப் பக்கமும் குஜராத் கடலும் வரை போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். அவர்களுடைய பக்கங்களில் தேதிகள் ஜூனிலும் ஜூலையிலும் கொத்தாக விழுந்திருந்தன. காரணம் எளிது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் ஆள் கரையில் இருப்பார். கிறிஸ்துமஸுக்கு ஊர் வருகிறவர்களால் டிசம்பரில் ஒரு சிறு மேடு. மற்ற மாதங்கள் மொட்டை. (நம் மாவட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலும் தேங்காப்பட்டணமும் இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு வேறு. இங்கே கற்ற மாதிரியை, அதாவது தரவிலிருந்து கணினி உருவாக்கிய கணிப்பு முறையை, கன்னியாகுமரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பருவமே மாறிவிடும்.)

அருமனை, களியல் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களின் படம் வேறு. விடியுமுன் மரத்தடிக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து முடிப்பதற்குள் காலை ஓ.பி. முடிந்துவிடும். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்களிலும், மழை விடாமல் பெய்யும் நாட்களிலும் அவர்கள் வந்திருந்தார்கள். கூலி இழக்காத நாளில்தான் ரத்தம் கொடுக்க முடியும்.

மூன்றாவது கூட்டம் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் போகிறவர்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. உறவும் பழக்கமும் கோடு போட்டதால் அறுந்துவிடவில்லை. கொஞ்சம் தீவிரமானால் “திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவோம்” என்பதுதான் வீட்டில் முதல் பேச்சு. அங்கே எடுத்த ரத்தச் சோதனை எதுவும் இங்கே நோட்டுக்கு வருவதில்லை. ஆக, நோய் முற்றும் நேரத்தில்தான் எங்கள் பதிவு காலியாகும்.

2020 ஏப்ரலில் எல்லாருடைய பக்கமும் ஒன்றுபோலக் காலி. ஊரடங்கு. விடுபட்டவற்றுள் ஓரளவாவது நியாயமாக விடுபட்டவை அவைதான் என்று அப்போது நினைத்தேன். அதுவும் சரியில்லை. மிகவும் முடியாதவர்கள் அப்போதும் வந்துதான் இருந்தார்கள்.

முதல் மாதிரி ஏன் அவ்வளவு அழகாக இருந்தது

புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல், விடுபட்ட தரவை மூன்று வகையாகப் பார்க்கச் சொன்னார். எங்கள் நோட்டிலேயே மூன்றுக்கும் உதாரணம் உண்டு. ரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாய் கை தவறி உடைந்ததால் முடிவு இல்லை என்றால் அது வெறும் தற்செயல். யாருக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும். பஸ் வசதி குறைந்த மலையோர ஊரிலிருந்து வரும் வயதான பெண்களுக்குச் சோதனைகள் குறைவு என்றால், வயதையும் ஊரையும் வைத்து அந்தக் குறையை விளக்கிவிடலாம். மூன்றாவது வகைதான் முள். போன தடவை ‘உப்பு’ என்று சொன்னார்கள், இந்தத் தடவை கூடியிருக்குமோ என்று பயந்து ஒருவர் வராமல் இருக்கிறார். எண் கூடியிருப்பதே எண் இல்லாததற்குக் காரணம். நோட்டில் உள்ளதை எப்படிப் புரட்டினாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்தது என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கிளையாகப் பிரிந்து முடிவுக்கு வரும் ‘முடிவு மரங்களை’ அடுக்கடுக்காகச் சேர்க்கும் எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற முறையை எடுத்தேன். 2016இல் அதை வெளியிட்டவர்கள் ஒரு வசதி வைத்திருந்தார்கள். காலிக் கட்டம் வந்தால் அதை இடப்பக்கம் தள்ளுவதா வலப்பக்கம் தள்ளுவதா என்பதை மரமே தரவிலிருந்து கற்றுக்கொள்ளும். நிரப்ப வேண்டிய தொல்லை இல்லை. இரண்டு ஆண்டுக்குள் இ-ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போகுமா என்பது கேள்வி. போனதாக நோட்டில் இருந்தால் ‘ஆம்’. நோட்டில் இல்லாவிட்டால் ‘இல்லை’.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பிழை. நோட்டில் இல்லாவிட்டால் ‘தெரியாது’ என்றல்லவா இருக்க வேண்டும்?

சோதனையில் மாதிரி பிரமாதமாகத் தேறியது. தேறாமல் எப்படி இருக்கும்? பயிற்சிக்கு வைத்த பகுதியிலும் பரீட்சைக்கு வைத்த பகுதியிலும் அதே பிழை. கேள்வித்தாளைத் தயாரித்தவரும் விடைத்தாளைத் திருத்தியவரும் நான்தான். போதாக்குறைக்கு, பகுதிகளை ஆள்வாரியாகப் பிரிக்காமல் வரிவாரியாகப் பிரித்திருந்தேன். ஒரே ஆளின் மார்ச் மாத வரி பயிற்சியிலும் ஜூன் மாத வரி பரீட்சையிலும் இருந்தன.

டாக்டரிடம் படம் காட்டினேன். அவருக்கும் மகிழ்ச்சி. சிஸ்டர் மட்டும், ஆபத்து குறைவு என்று வந்த பெயர்களை (அவரிடம் மட்டும் எண்ணுக்குரிய பெயர் உண்டு) மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்தார். “இவருக்கா?” என்றார். போன ஜூனில் கால் இரண்டும் வீங்கி, செருப்பு போட முடியாமல் வந்தவராம். அதற்கு முந்தைய பதினெட்டு மாதத்தில் நோட்டில் ஒரு எண்கூட இல்லை. மாதிரி அவரைப் பட்டியலின் அடியில் வைத்திருந்தது.

மரங்களைப் பிரித்துப் பார்த்தேன். இடைவெளி நீளமா, ஆபத்து குறைவு. ஆல்புமின் காலியா, ஆபத்து குறைவு. மாதிரி சிறுநீரகத்தைப் படிக்கவில்லை. டாக்டரின் பழக்கத்தைப் படித்திருந்தது. ஆளைப் பார்த்துச் சந்தேகம் வந்தால்தான் அவர் ஆல்புமின் விகிதம் எழுதிக்கொடுப்பார். எழுதிக்கொடுக்காதவர் ஆரோக்கியமானவர் என்பது அடிக்கடி பார்க்கிற ஆளுக்குச் சரி. ஆண்டுக்கொரு முறை கரைக்கு வருகிறவரை எந்தச் சந்தேகமும் எட்டுவதில்லை.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை என்பதைப் பிறகு படித்தபோதுதான் வெட்கம் கூடியது. அமெரிக்காவில் ரிச் கருவானா குழுவினர் 2015இல் எழுதிய கதை பிரபலம். நிமோனியா நோயாளிகளின் பழைய தரவில் பயிற்சி பெற்ற மாதிரி, ஆஸ்துமா இருந்தால் சாவதற்கான வாய்ப்பு குறைவு என்று கற்றுக்கொண்டது. ஆஸ்துமா உள்ளவர்களை நேரே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனதால் பிழைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 2018இல் பாஸ்டனின் இரண்டு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த இன்னொரு குழு, 174 வகை ரத்தச் சோதனைகளில் 118இல் சோதனையின் முடிவைவிட, அது எப்போது எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதே நோயாளி பிழைப்பாரா என்பதை நன்றாகச் சொன்னது என்று காட்டியது. நள்ளிரவில் ரத்தம் எடுக்கச் சொன்னால் டாக்டருக்கு ஏதோ பயம் என்று பொருள். எங்கள் நோட்டிலும் நேரம் பேசியது. பேசிய மொழியை நான் தப்பாகக் கற்றுக்கொண்டேன்.

ஒரே ஆள், மூன்று நோய்

நிரப்புவது என்ற வேலை எவ்வளவு வினையானது என்பதற்கு ஒரு பக்கம் போதும். ஆண், ஆழ்கடல் மீனவர். 54 வயதில், ஒரு ஜூன் மாதம் கிரியேட்டினின் 1.3. சமன்பாட்டில் போட்டால் இ-ஜி.எஃப்.ஆர். சுமார் 65. அடுத்த இரண்டு ஜூனும் காலி. 57 வயதில், மீண்டும் ஜூனில், 1.9. அதாவது சுமார் 41.

கடைசியாகக் கிடைத்த எண்ணையே அடுத்த கட்டங்களுக்கும் இழுத்துப் போடுவது ஒரு வழி. சோம்பேறிக்கு ஏற்றது, பல இடங்களில் புழங்குவது. அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டு ஆடாமல் இருந்து மூன்றாம் ஆண்டில் இடிந்து விழுந்த சிறுநீரகம் கிடைக்கும். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே நேர்கோடு இழுத்தால் ஆண்டுக்கு எட்டாகத் தேய்ந்த சிறுநீரகம். மற்ற நோயாளிகளின் சராசரியைப் போட்டால், அடிக்கடி வருகிறவர்களின் சிறுநீரகத்தை இவருக்குப் பொருத்தியது போல ஆகும். நோட்டில் இருந்தது இரண்டே எண். நிரப்பும் முறையைப் பொறுத்து மூன்று வேறு நோய்.

ஒரே ஒரு நிரப்பல் என்பதை விட்டுவிட்டோம். காலிக் கட்டத்துக்குப் பொருந்தக்கூடிய மதிப்புகளை மற்றக் கட்டங்களிலிருந்து ஊகித்து, பலமுறை வெவ்வேறாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் மாதிரியை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கும் பன்முறை நிரப்பலுக்கு மாறினோம். இதுவும் ரூபின் காட்டிய வழிதான். இதன் நன்மை, சிதறலும் விடையின் பகுதியாகிவிடும். இந்த ஆளுக்கு வந்த வீச்சு அவ்வளவு அகலம். ஆபத்து அதிகமா குறைவா என்று சொல்லவே இடமில்லை.

அதற்கும் மேலே ஒரு படி. வராதவர்கள், வந்தவர்களைவிட மோசமாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று நிரப்பிய எண்களை வேண்டுமென்றே சற்றுக் கூட்டி மறுபடி ஓட்டினோம். பயந்து வராதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. பட்டியலின் மேல்பகுதி அவ்வளவாக மாறவில்லை. நடுப்பகுதி கலைந்துபோயிற்று. கலைந்தவர்களில் பாதிக்கு மேல் கடற்கரைக்காரர்கள்.

புதிய பத்தி

திருத்தங்களில் பெரியது கணினியில் நடக்கவில்லை. நோட்டின் வலது ஓரத்தில் சிஸ்டர் ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டார். தலைப்பு: ‘ஏன் இல்லை’. பழைய காலிக் கட்டங்களுக்கும் தெரிந்தவரை நிரப்பினார். அந்த வட்டாரத்தில் முப்பது வருடம் ஊசி போட்டவர் அவர். யாருடைய மகள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள் என்பது வரை தெரியும். ‘தங்கல்’ (கடலில்). ‘வெட்டு’ (ரப்பர்). ‘திருவனந்தபுரம் போனார்.’ ‘துபாயில் மகனிடம்.’ ‘பணம் இல்லை என்றார்.’ ‘டாக்டர் எழுதவில்லை.’ ‘கேட்டேன், வேண்டாம் என்றார்.’ சிலவற்றில் வெறும் கேள்விக்குறி.

அந்தப் பத்தியை வைத்துத்தான் முடிவு நிலையை மூன்றாகப் பிரித்தோம்: சிறுநீரகம் அந்த நிலைக்கு வந்துவிட்டவர், வேறு காரணத்தால் இறந்தவர், எதுவும் நடக்காமல் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர். எங்கே போனார் என்று தெரியாதவரை ‘அதுவரை நலம்’ என்று மட்டும் எடுத்து, அதற்குப் பிறகு கணக்கிலிருந்து விடுவித்தோம். காலத்தோடு ஆபத்தைக் கணக்கிடும் பிழைப்புநிலைப் பகுப்பாய்வு இதற்காகவே இருக்கிறது. ஓக்கியில் போனவர் இரண்டாம் வகையில் அமர்ந்தார். திருவனந்தபுரத்தில் இருப்பவர் முதல் வகையில். அவரைப் போல இன்னும் சிலரைத் தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்தபோது ‘ஆம்’ பட்டியல் நீண்டது. நீண்ட பகுதி முழுக்க, பழைய மாதிரி ‘இல்லை’ என்று கற்றிருந்தவர்கள்.

இங்கே எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் உண்டு. இடைவெளியின் நீளத்தை மாதிரிக்குக் கொடுப்பதா வேண்டாமா? கொடுத்தால் கணிப்பு கூர்மையாகிறது, உண்மைதான். காலிக் கட்டத்துக்கு ஓர் அடையாளமும், கடைசிச் சோதனையிலிருந்து கழிந்த நாளும் சேர்த்தே படிக்கும் ‘நரம்பு வலையமைப்பு’ என்ற வகை மாதிரிகளையும் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். வராதவர்களைச் சிஸ்டர் அழைக்கத் தொடங்கியதும் இடைவெளியின் பொருளே மாறிவிடும். நாம் செய்யப்போகும் காரியமே மாதிரியின் காலை வாரிவிடும். காரணத்தை வைத்துக்கொண்டோம், வெறும் நாள் கணக்கை எடுத்துவிட்டோம். டாக்டர் இதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

பரீட்சை முறையையும் மாற்றினோம். மலையோர ஊர்களில் கற்றுக் கடற்கரையில் சோதிப்பது, பழைய வருடங்களில் கற்றுப் புதிய வருடங்களில் சோதிப்பது. மதிப்பெண் சரிந்தது. முன்பு சொன்ன பிரமாதத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. வயது, பால், இ-ஜி.எஃப்.ஆர்., பட்டைச் சோதனை ஆகிய நான்கை மட்டும் வைத்த எளிய சமன்பாடு, முடிவு மரங்களின் காட்டுக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. இவ்வளவு சிறிய தொகுப்பில் மரம் வளர்ப்பதற்கு மண் போதாது. காட்டை வெட்டிவிட்டு எளிய சமன்பாட்டை வைத்துக்கொண்டோம். இயந்திரக் கற்றல் என்று ஆரம்பித்துவிட்டு இப்படி முடிந்ததே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

இப்போது மாதிரி தருவது இரண்டு பட்டியல். ஆபத்து அதிகம் என்பவர்கள் ஒன்றில். வீச்சு அகலமாக இருப்பதால் எதுவும் சொல்ல முடியாதவர்கள் மற்றதில். டாக்டர் முதல் பட்டியலை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அவர்களை ஏற்கெனவே தெரியும் என்கிறார். இரண்டாவதைத்தான் மே மாதக் கடைசியில் அச்செடுக்கச் சொல்கிறார். தடைக்காலம் தொடங்கும் முன் வீடுகளுக்கு அழைப்பு போகிறது. மனைவிமார்தான் எடுக்கிறார்கள், அவர்கள் சொன்னால்தான் ஆள் வருவார்.

ஆனால் ஒரு சிக்கலுக்கு எந்த மாதிரியும் வழி சொல்லவில்லை. நாட்பட்ட நோய் என்று உறுதிசெய்ய மூன்று மாத இடைவெளியில் இரண்டு சோதனை வேண்டும். கரையில் இருக்கும் காலம் 61 நாள்.

மறுபடி அந்த மீனவர்

57 வயதில் 1.9 என்று வந்தாரே, அவர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுக்கப் போனவர், கூடவே பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்தார். டைக்ளோஃபினாக். வலி மாத்திரை.

“இது எதற்கு அண்ணே?” என்று சிஸ்டர் கேட்டார்.

“தூண்டில் இழுத்து இழுத்துத் தோள் போய்விட்டது சிஸ்டர். படகில் எல்லாரும் போடுவோம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.”

“தண்ணீர் குடிப்பீர்களா?”

சிரித்தார். படகில் நல்ல தண்ணீர் அளந்துதான்.

வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்தக் கெடுதல் இரட்டிப்பாகும். அப்படி ஏறும் கிரியேட்டினினில் ஒரு பங்கு, மாத்திரையை விட்டால் இறங்கக்கூடியது. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தோளுக்குத் தடவும் மருந்து கொடுத்தார். சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கும் பிரஷர் மாத்திரையை உடனே தொடங்கவில்லை. அதுவும் ஆரம்பத்தில் கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றும், எதனால் ஏறியது என்று பிறகு பிரித்தறிய முடியாது என்றார். ஆகஸ்டில் அவர் கடலுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது மனைவி கையோடு அழைத்து வந்தார். கிரியேட்டினின் 1.6. இ-ஜி.எஃப்.ஆர். ஏறக்குறைய 50. மூன்றரை ஆண்டில் 65இலிருந்து 50 என்றால் ஆண்டுக்கு நான்கு சொச்சம். ‘வேகமான சரிவு’ என்ற கோட்டுக்கு இப்பால் வந்துவிட்டார். நோய் இல்லை என்று இல்லை. இருக்கிறது, மருந்தும் தொடங்கியாகிவிட்டது. ஆனால் ஜூன் மாதம் நான் நேர்கோடு இழுத்துப் பார்த்த ஆள் இவர் இல்லை.

அன்று மாலை பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மாத்திரை என்ற பத்தியில் நாங்கள் எழுதிக்கொடுத்தவை மட்டும்தான் இருந்தன. கடையிலும் துறைமுகத்திலும் வாங்கி விழுங்கியவற்றுக்கு இடமே இல்லை. அங்கே காலிக் கட்டமும் கிடையாது, நிரப்புவதற்கோ சந்தேகப்படுவதற்கோ. இல்லாத பத்தியை எந்த நிரப்பல் முறையும் நிரப்பாது.

சிஸ்டரிடம் சொன்னேன். ‘ஏன் இல்லை’ பத்திக்கு வலப்புறம் இரண்டு விரல் இடம்தான் மிச்சம் இருந்தது. ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்தார். தலைப்பு எழுத இடம் போதாமல் ‘வலி மா.’ என்று சுருக்கி எழுதிவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற பால்வெட்டுக்காரரைப் பார்த்து, “முதுகுக்கு என்ன போடுகிறீர்கள்?” என்று கேட்டார்.